கல்யாணக் கார்டுல பெரியப்பா பேர்

எங்க ஊர் ஆலயத்துல வருஷத்துக்கு ஒரு தடவை அசனப் பண்டிகை நடக்கும். திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்து சி.எஸ்.ஐ. சபைகள்ல இருந்து வந்திருக்கிறவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மத்தவங்களுக்காக: ஊரே அரிசியும் பணமும் கொடுத்து, ஆலயத்துப் பக்கத்துல அடுப்பு வெட்டி, பெரிய பெரிய பாத்திரத்துல சமைச்சு, பணக்காரன் ஏழை, பகை கோபம் எதுவும் பார்க்காம ஒரே பந்தியில உட்கார்ந்து சாப்பிடணும். அதுதான் அதோட நோக்கம்.

போன தடவை நான் சாம்பார் வாளியோட பரிமாறிக்கிட்டு இருந்தேன். பந்தியோட இந்த முனையில எங்க அப்பா. அந்த முனையில எங்க பெரியப்பா. நடுவுல நாப்பது இலை இருக்கும். ரெண்டு பேருக்கும் நான்தான் ஊத்தினேன். பெரியப்பா தலையைத் தூக்காமலே, "போதும்ல, கொஞ்சமா ஊத்து"ன்னார். பதினோரு வருஷத்துல அவர் என்கிட்ட பேசின மூணாவது வாக்கியம் அது. நான் எண்ணி வச்சிருக்கேன்.

இந்தப் பதினோரு வருஷமும் ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமை தவறாம ஆலயத்துக்கு வர்றாங்க. மன்னிப்பைப் பத்தி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்காங்க. ரெண்டு பேரும் "நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்"னுதான் சொல்றாங்க. அப்புறம் ஏன் நடுவுல நாப்பது இலை?

என் கருத்து இதுதான். நம்ம சபைகள்லயும் வீடுகள்லயும் மன்னிப்பையும் ஒப்புரவாகுறதையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பி வச்சிருக்கோம். மன்னிப்பு ஒரு ஆள் தனியா செய்யக்கூடிய காரியம். எதிராளி செத்தே போயிருந்தாலும் மன்னிக்கலாம். ஒப்புரவு அப்படி இல்ல, ரெண்டு பேர் வேணும். அதோட, பெரும்பாலும் ஒரு கணக்கைத் தீர்க்கணும். "ஒப்புரவு"ங்கிற சொல்லே சும்மா கட்டிப்பிடிக்கிறதைச் சொல்ற சொல் கிடையாது. திருக்குறள்ல 22ஆவது அதிகாரம் ஒப்புரவறிதல். அங்க அது கைம்மாறு எதிர்பார்க்காம அடுத்தவனுக்குக் கொடுக்கிறது. வேதாகமத்தை மொழிபெயர்த்தவங்க தெரிஞ்சு எடுத்தாங்களோ தெரியாம எடுத்தாங்களோ, சரியான சொல்லைத்தான் எடுத்திருக்காங்க.

பேதுரு எத்தனை தடவை மன்னிக்கணும்னு கேட்டதுக்கு ஏழெழுபது தடவைன்னு பதில் வரும், மத்தேயு 18ல. அதாவது 490. சண்டே ஸ்கூல்ல "அப்போ 491ஆவது தடவை அடிக்கலாமா டீச்சர்?"னு கேட்டுக் குட்டு வாங்கினவன் நான். அந்த வசனம் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனா அதே அதிகாரத்துல, அதுக்கு ஆறேழு வசனம் முன்னாடி, உன் சகோதரன் உனக்குத் தப்பு செஞ்சா நீயே போய் அவனோட தனியா இருக்கும்போது அதைச் சொல்லுன்னு இருக்கு. தப்பை மூடி மறைன்னு இல்ல, முகத்துக்கு நேரா சொல்லுன்னு இருக்கு. இதை வச்சு யாரும் பிரசங்கம் பண்ணி நான் கேட்டது குறைவு.

இன்னொரு பக்கம் மத்தேயு 5. பலிபீடத்துக்கிட்ட காணிக்கையோட நிக்கும்போது, சகோதரனுக்கு உன் மேல குறை இருக்குன்னு ஞாபகம் வந்தா, காணிக்கையை அங்கேயே வச்சிட்டுப் போய் முதல்ல அவனோட ஒப்புரவாகணும். கவனிங்க, அவன் மேல உனக்குக் குறை இல்ல, உன் மேல அவனுக்குக் குறை. ஆக, தப்பு செஞ்சவனையும் போன்னு சொல்லியிருக்கு, தப்பைத் தாங்கினவனையும் போன்னு சொல்லியிருக்கு. ரெண்டு பேரும் சொன்னதைச் செஞ்சா நடுரோட்டுல முட்டிக்கணும். எங்க ஊர்ல யாரும் முட்டிக்கிட்டதா இதுவரை தகவல் இல்லை.

யோசேப்பு கதையை மன்னிப்புக்கு உதாரணமா சொல்லாத ஆள் இல்லை. அண்ணன்மார் இருபது வெள்ளிக்காசுக்கு வித்தாங்க, அவன் அழுது மன்னிச்சான், முடிஞ்சது. ஆனா ஆதியாகமம் 42லருந்து 45 வரைக்கும் பொறுமையா படிச்சுப் பாருங்க. அண்ணன்மார் முதல்ல எகிப்துக்கு வந்து நின்னப்போ யோசேப்பு கட்டிப்பிடிக்கல. யாருன்னே காட்டிக்காம கடுமையா பேசினான். மூணு நாள் காவல்ல வச்சான். சிமியோனைப் பிடிச்சு வச்சுக்கிட்டான். அடுத்த தடவை பென்யமீன் சாக்குல வெள்ளிப் பாத்திரத்தைப் போட வச்சு மாட்டி விட்டான். பழிவாங்குறானா? எனக்கு அப்படித் தோணல. இவங்க மாறிட்டாங்களான்னு பார்க்கிறான். அன்னைக்கு "இவனை வித்துடலாம்"னு யோசனை சொன்ன அதே யூதா, இன்னைக்கு "தம்பிக்குப் பதிலா என்னை அடிமையா வச்சுக்கோங்க"ன்னு முன்னாடி வந்து நிக்கிறான். அந்த இடத்துலதான் யோசேப்பு உடையுறான்.

வயசுக் கணக்கு போட்டுப் பார்த்தேன் (வேற என்ன செய்ய, இன்ஜினியரிங் புத்தி). கதை ஆரம்பிக்கும்போது பதினேழு வயசு, பார்வோன் முன்னாடி நிக்கும்போது முப்பது. அப்புறம் விளைச்சல் வருஷம் ஏழு, பஞ்சம் ரெண்டு. சுமார் 22 வருஷப் பிரிவு. அதை விட முக்கியமான எண் ஒண்ணு இருக்கு. சமாதானம் ஆகி, ஒரே நாட்டுல 17 வருஷம் ஒண்ணா இருந்து, அப்பா யாக்கோபு செத்ததும், அண்ணன்மாருக்கு மறுபடியும் பயம் வருது: இப்போ பழிவாங்கிடுவானோ? 17 வருஷம் கழிச்சும். அதைக் கேட்டு யோசேப்பு அழுறான். "ஒரு ஸாரி சொல்லிட்டா எல்லாம் சரியாயிடும்"னு நம்புறவங்க இந்த இடத்துல கொஞ்சம் நின்னு போகலாம்.

ஏசா, யாக்கோபு கதை இன்னும் நேர்மையானதுன்னு நினைக்கிறேன். ஓடி வந்து கழுத்தைக் கட்டி அழுதாங்க. அதுக்கு அப்புறம்? வா சேர்ந்து போகலாம்னு ஏசா கூப்பிடுறான். குழந்தைங்க, ஆடு மாடெல்லாம் மெதுவாத்தான் நடக்கும், நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாடி வர்றேன்னு யாக்கோபு சாக்கு சொல்றான். ஏசா சேயீருக்குப் போறான், யாக்கோபு சுக்கோத்துக்குப் போறான். வேற வேற ஊர். கதை சொல்றவர் இதுக்காக யாரையும் திட்டல. பின்னாடி அப்பா ஈசாக்கை அடக்கம் பண்ண ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கிறாங்க. சில குடும்பத்துக்கு அந்த அளவு போதும்.

இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, ஹாஸ்டல்ல ஒரு நண்பன் இருக்கான். அவங்க அப்பா குடிச்சிட்டு அவங்க அம்மாவை அடிப்பார். அம்மா தாய் வீட்டுக்கு வந்துட்டாங்க. சபைப் பெரியவங்க சிலர் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணி, "மன்னிச்சு ஏத்துக்கம்மா"ன்னு திருப்பி அனுப்பினாங்க. ஒரு தடவை இல்ல, மூணு தடவை. அடிக்கிறவர்கிட்ட போய் யாரும் ஜெபம் பண்ணல. மன்னிக்கச் சொல்றது எப்பவும் பலவீனமான பக்கத்துக்கிட்டயே, அதுவும் பெரும்பாலும் பொம்பளைங்ககிட்டயே ஏன்? சுலபமா மடங்குறது அந்தப் பக்கம்தான், அதனாலதான். இதுக்குப் பேர் சமாதானம்னா எனக்கு அது வேண்டாம். அவங்க மனசுல அவரை மன்னிக்கலாம். அடுத்த ஊர்ல இருந்துக்கிட்டே மன்னிக்கலாம்.

எங்க பக்கத்து சபைகளுக்கு ஆங்கிலிக்கன் பூர்வீகம் உண்டு. அந்தச் சபையோட 1662ஆம் வருஷ ஜெபப் புத்தகத்துல நற்கருணை ஆராதனைக்கு முன்னாடி குருவானவருக்கு ஒரு விதி போட்டிருக்காங்க. ரெண்டு பேருக்குள்ள பகை இருக்குன்னு தெரிஞ்சா, ஒப்புரவாகுற வரைக்கும் ரெண்டு பேரையும் பந்திக்குச் சேர்க்கக் கூடாது. ஒருத்தர் மனசார மன்னிச்சு, தான் செஞ்ச தப்புக்கும் ஈடு செய்யத் தயாரா இருந்து, இன்னொருத்தர் பிடிவாதமா இருந்தா, தயாரா இருக்கிறவரைச் சேர்த்துக்கணும், பிடிவாதக்காரரை விடணும். "ஈடு செய்ய" அப்படிங்கிறது விதியிலயே இருக்கு. இன்னைக்கு இந்த விதியை நடைமுறைப்படுத்தினா எங்க ஊர் நற்கருணை வரிசை ரொம்பச் சின்னதாயிடும்.

இப்போ எங்க வீட்டுக் கதை. பதினாலு சென்ட் நிலம், அதுல ஒரு கிணறு. ஆச்சி பேர்ல இருந்தது. கடைசி காலத்துல ஆச்சி எங்க வீட்லதான் இருந்தாங்க. அந்த சமயத்துல சப்-ரிஜிஸ்தர் ஆபீஸ்ல அப்பா பேருக்கு செட்டில்மென்ட் பத்திரம் எழுதியாச்சு. சட்டப்படி அதுல தப்பு இல்லை. ஒண்ணும் எழுதாம ஆச்சி இறந்திருந்தா, 1925ஆம் வருஷ இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி பிள்ளைங்களுக்கு சம பங்கு வந்திருக்கும். (அத்தைக்கும் சேர்த்துத்தான். அத்தையோட பங்கைப் பத்தி அண்ணன், தம்பி ரெண்டு பேருமே வாயே திறந்ததில்லை. அது தனிக் கட்டுரை.) பெரியப்பா அப்போ துபாய்ல இருந்தார். கிணறு வெட்டப் பணம் அனுப்பினது அவர். பத்திரம் எழுதின விஷயம் அவருக்கு லீவுல வந்தப்போதான் தெரிஞ்சது. ஆலயத்து வாசல்ல எல்லார் முன்னாடியும் அப்பாவைக் கேட்கக் கூடாத வார்த்தை கேட்டுட்டார்.

எங்க வீட்டுல கதை அந்த வாசல்லருந்துதான் ஆரம்பிக்கும். "அவ்ளோ பேசினவரை நாங்க மன்னிச்சிட்டோம்." நானும் ரொம்ப நாள் அதையே நம்பினேன். போன வருஷம் பீரோவுல என் பிறப்புச் சான்றிதழ் தேடும்போது பத்திரம் கையில கிடைச்சது. தேதியைப் பார்த்தேன். ஆச்சி ஆஸ்பத்திரியில இருந்து வந்த மறு வாரம். அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சது, மன்னிக்க வேண்டிய இடத்துல நாங்க இல்ல. மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்துல இருந்துக்கிட்டு பதினோரு வருஷமா பெருந்தன்மையா மன்னிச்சிக்கிட்டு இருக்கோம்.

லூக்கா 12ல ஒருத்தன் வந்து, எங்க அண்ணன்கிட்ட சொத்தைப் பிரிச்சுக் கொடுக்கச் சொல்லுங்கன்னு இயேசுகிட்ட கேட்பான். அவர் பாகப் பிரிவினைக்கு உட்காரல. என்னை யார் உங்களுக்கு நியாயாதிபதியா வச்சதுன்னு கேட்டுட்டு, பேராசையைப் பத்திப் பேசிட்டுப் போயிடுவார். முன்னெல்லாம் எனக்கு அந்த இடம் ஏமாத்தமா இருக்கும். இப்போ வேற மாதிரி படுது. கணக்கை நீங்களே போட்டுக்கோங்க, உங்களுக்கே தெரியும்னு விட்டுட்டார். ஏழு அதிகாரம் தள்ளி சகேயு யாரும் கேட்காமலே எழுந்து நின்னு, ஏமாத்தி வாங்கினதை நாலு மடங்கா திருப்பித் தர்றேன்னு சொல்றான். நாலு மடங்கெல்லாம் எங்க அப்பாவால முடியாது. பாதி முடியும்.

வர்ற மே மாசம் அக்கா கல்யாணம். கார்டுல பெரியப்பா பேர் போடுறதா வேண்டாமான்னு வீட்டுல ஒரு வாரமா பேச்சு. "போட்டுடுவோம், நாலு பேர் என்ன நினைப்பாங்க"ன்னு அம்மா. "போட்டா மட்டும் வந்துடுவாரா"ன்னு அப்பா. நான் போன்ல, "பேர் போடுறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை அவர் வீட்டுக்குப் போங்கப்பா, பத்திரத்தையும் எடுத்துக்கிட்டு"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "நீ முதல்ல அரியர் பேப்பரை முடில"ன்னு சொல்லி வச்சிட்டார்.

அரியர் பேப்பர் வெள்ளிக்கிழமை. கார்டு புரூஃபும் வெள்ளிக்கிழமைதான் பிரஸ்லருந்து வருது. இந்தக் கட்டுரையோட லிங்க்கை அப்பாவுக்கு அனுப்புறதா இருக்கேன், அதுக்கு முன்னாடி, வியாழக்கிழமை ராத்திரி.