லுஹர் வரை காத்திராத வாலிபர்



வயதான ஒருவர் மௌத்தானால் அவர் வாழ்ந்த விதத்தைப் பேசுகிறோம். ஒரு வாலிபர் மௌத்தானாலோ, மௌத்தான விதத்தைத்தான் பேசுகிறோம். "அன்றைக்குப் பயணம் போகாமல் இருந்திருந்தால்", "முந்தியே டாக்டரிடம் காட்டியிருந்தால்" என்று பேச்சு நீள்கிறது. ஜனாஸா வீட்டுக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவரும் பெற்ற உம்மாவிடம் அதையே கேட்டு, திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிறார்கள். இருபது வருடம் வாழ்ந்த பிள்ளையின் கதை, கடைசி ஒரு மணித்தியாலத்துக்குள் சுருங்கிவிடுகிறது.

இம்மாதம் ஒரு வாலிபரின் வாழ்வை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். அவர் பெயர் அப்துல் மலிக். நீதிக்குப் பெயர்பெற்ற கலீபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் மகன். இருபது வயதைக்கூட எட்டாமல் மறைந்தவர்.

ஹிஜ்ரி 99இல், அதாவது கி.பி. 717இல், கலீபா ஸுலைமான் மௌத்தானதும் பொறுப்பு உமர் அவர்களிடம் வந்தது. முந்திய ஆட்சியில் மக்களிடமிருந்து அநியாயமாகப் பறிக்கப்பட்ட நிலங்களையும் சொத்துக்களையும் உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்க அவர் எண்ணியிருந்தார். ஸுலைமானை அடக்கம் செய்து, இரவெல்லாம் கண் விழித்த களைப்பில் சற்றே சாயப் போனார். அப்போது மகன் வந்து, அநீதிகளைத் திருப்பிக் கொடுக்காமலா தூங்கப் போகிறீர்கள் என்று கேட்டார். லுஹர் தொழுதுவிட்டுச் செய்கிறேன் என்றார் தந்தை. லுஹர் வரை நீங்கள் உயிரோடிருப்பீர்கள் என்பதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார் மகன்.

தந்தை கோபிக்கவில்லை. மகனை அருகில் அழைத்து நெற்றியில் முத்தமிட்டார். மார்க்கத்தில் தனக்குத் துணை நிற்கும் பிள்ளையைத் தந்ததற்காக அல்லாஹ்வைப் புகழ்ந்தார். தூக்கத்தை விட்டெழுந்து, அநீதி இழைக்கப்பட்டவர்கள் முறையிட வரலாம் என்று அறிவிக்கச் செய்தார்.

வாலிபத்துக்கே உரிய அவசரமும் அப்துல் மலிக்கிடம் இருந்தது. எல்லாச் சீர்திருத்தத்தையும் ஒரேயடியாகச் செய்தால் என்ன என்று ஒரு முறை கேட்டார். மது படிப்படியாகத்தான் ஹராமாக்கப்பட்டது, சத்தியத்தை ஒரேயடியாகச் சுமத்தினால் மக்கள் அதை ஒரேயடியாகத் தள்ளிவிடுவார்கள் என்று தந்தை விளக்கினார். மகன் தந்தையை விழிக்க வைத்தார். தந்தை மகனுக்கு நிதானத்தைக் கற்றுக் கொடுத்தார்.

அந்த மகன்தான் நோயுற்றுத் தந்தையின் கண் முன்னே மறைந்தார். கப்ருக்கு அருகில் நின்ற தந்தை, தனக்கு நன்மை செய்த பிள்ளை அவர் என்றும், பிறந்த நாள் முதல் அவரால் தனக்கு மகிழ்ச்சியே கிடைத்தது என்றும் சாட்சி கூறி, அவருக்காகத் துஆச் செய்தார். நோயைப் பற்றி அல்ல, பிள்ளையைப் பற்றியே பேசினார். கி.பி. 720இல் அவரும் நாற்பது வயதளவில் வபாத்தானார்.

சகோதரிகளே, இதில் நமக்குப் பாடம் உண்டு. அழுவது குற்றமல்ல. ஒன்றரை வயதளவில் மகன் இப்ராஹீம் மறைந்தபோது நபி (ஸல்) அவர்களின் கண்களும் கலங்கின. ஆனால் "இப்படிச் செய்திருந்தால்" என்ற பேச்சு ஷைத்தானுக்கு வாசல் திறக்கும் என்று அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அந்தப் பேச்சு பெரும்பாலும் யார் தலையில் விழுகிறது? பயணத்துக்கு அனுப்பிய உம்மாவின் தலையில். அல்லது இளம் மனைவியின் தலையில். பிள்ளையை இழந்தவளுக்குப் பழியையும் சுமக்கக் கொடுப்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

வாலிபருக்கு என்ன கடன் இருக்கப் போகிறது என்றும் எண்ணிவிடாதீர்கள். கூட்டாளியிடம் வாங்கிய சில்லறைக் கடன், கடையில் பாக்கியான கணக்கு, இரவலாக எடுத்த புத்தகம், யாரோ கொடுத்து வைத்த அமானிதம் இருக்கலாம். கூட்டாளிமாரைக் கூப்பிட்டுக் கேட்டு ஒவ்வொன்றாகத் தீர்த்து வையுங்கள். பெரிய சாப்பாடு ஏற்பாடு செய்வதைவிட இது முந்தியது.

தன் தாய் திடீரென மௌத்தாகிவிட்டார், அவருக்காக ஸதகாச் செய்தால் நன்மை கிடைக்குமா என்று ஒருவர் நபியவர்களிடம் கேட்டார். கிடைக்கும் என்றே பதில் வந்தது. திடீர் மரணத்தில் கலங்கி நிற்கும் குடும்பத்துக்கு இது எவ்வளவு ஆறுதல்! அந்தப் பிள்ளை எதை விரும்பிச் செய்தானோ அதையே அவனுக்காகத் தொடருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தவனா? ஓர் ஏழைப் பிள்ளைக்குக் கிதாபு வாங்கிக் கொடுங்கள்.

உயிரோடிருக்கும் பிள்ளைகளின் பேச்சையும் கேளுங்கள். "சின்னப் பிள்ளை, நீ பேசாமல் இரு" என்று அந்தத் தந்தை சொல்லியிருந்தால், அப்துல் மலிக்கைப் பற்றிச் சொல்ல நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

உங்கள் ஊரில் மகனை இழந்த உம்மா ஒருவர் இருப்பார். ஆரம்ப நாட்களில் வீடு நிறையச் சனம் வந்திருக்கும். இப்போது யாரும் வருவதில்லை. அவன் பெயரைச் சொன்னால் அழுவார் என்று பயந்து சொல்லாமலும் விடுகிறார்கள். இந்தக் கிழமை ஒரு பின்னேரம் அவரிடம் போங்கள். எப்படி மௌத்தானான் என்று கேட்காதீர்கள். எப்படிப்பட்ட பிள்ளை என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாக இருந்து, அவனுக்காகத் துஆச் செய்துவிட்டு வாருங்கள்.

வாலிபத்தில் மறைந்த நம் பிள்ளைகள் அனைவரின் பிழைகளையும் அல்லாஹ் பொறுத்து, அவர்களின் கப்ருகளை ஒளியாக்குவானாக. ஆமீன்.