ராணிக்குப் பின்னால் நிற்கிறவள்

சரித்திரப் படம் பார்த்துவிட்டு வீடு திரும்பும்போது நம்மில் எத்தனை பேர் கதையைப் பற்றிப் பேசுகிறோம்? "அந்த ஒட்டியாணத்தைப் பார்த்தாயா?" என்றுதான் பேச்சு ஆரம்பமாகும். அதில் குற்றம் ஒன்றும் இல்லை, சகோதரிகளே! டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தில் பாதி ராணியின் அலங்காரத்துக்கே சரியாகப் போய்விடுகிறது.

அலங்காரம் என்றதும் எனக்கு வைஜயந்திமாலாவின் நினைவுதான் வருகிறது. திருவல்லிக்கேணியில் பிறந்து, 1949-ல் ஏ.வி.எம்.மின் 'வாழ்க்கை' படத்தில் அறிமுகமானவர். 1958-ல் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்தில் இளவரசி மந்தாகினியாக வந்து, பத்மினியுடன் போட்டி நடனம் ஆடினார். 1960-ல் கல்கியின் 'பார்த்திபன் கனவு' படமானபோது பல்லவச் சக்கரவர்த்தியின் குமாரி குந்தவியானார். 1966-ல் ஹிந்தியில் 'ஆம்ரபாலி', வைசாலி நகரத்து நாட்டியக்காரி.

'ஆம்ரபாலி'க்கு உடை அமைத்தவர் பானு அத்தையா. அஜந்தா குகைச் சித்திரங்களை ஆராய்ந்து அவர் அந்த உடைகளை உருவாக்கினார். பிற்காலத்தில் 'காந்தி' படத்துக்காக ஆஸ்கர் பரிசு பெற்ற அதே அம்மாள்தான். உடை எவ்வளவு அழகாயிருந்தால் என்ன, அதைச் சுமக்கிற உடம்பு வேண்டுமே! நெற்றிச்சுட்டி, ராக்கொடி, வங்கி, ஒட்டியாணம் எல்லாம் பூட்டிக்கொண்டு, சுட்டெரிக்கும் விளக்குகளுக்கு நடுவே, "இவை நான் பிறந்தது முதல் அணிந்தவை" என்பதுபோல் நடக்க வேண்டும். சிறு வயதிலிருந்து பரதம் பயின்றவருக்கு அது கைவந்தது. கலியாணத்தன்று மட்டும் ஒட்டியாணம் கட்டிக்கொண்டு மூச்சுவிடத் திணறிய நமக்கு அந்தச் சிரமம் தெரியாதா?

ஆனால் ஒன்று. பல்லவர் காலத்து அரசிகள் உண்மையில் இப்படித்தான் உடுத்தினார்களா? மாமல்லபுரம் ஆதிவராகர் குகையில், சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்று பெயர் பொறித்த அரசர்களோடு அவர்களுடைய தேவியரும் நிற்கிறார்கள். தலையில் மகுடம் உண்டு, காதில் பெரிய குழை உண்டு. ரவிக்கை மட்டும் இல்லை. அந்தச் சிற்பத்தை அப்படியே வெள்ளித்திரையில் காட்ட எந்த முதலாளி துணிவார்? ஆகவே, நாம் பார்க்கும் சரித்திர உடையில் பாதி கோயில் சிற்பம், மீதி நாடக மேடையும் நம்முடைய கூச்சமும்.

2022-ல் வந்த 'பொன்னியின் செல்வ'னில் சோழ நாட்டுக் குந்தவையாக வந்த திரிஷாவுக்கு ஏகா லக்கானி உடை அமைத்தார். ஹைதராபாத் நகைக்கடை ஒன்று நகைகள் செய்து கொடுத்தது. டெலிவிஷனிலும் 2014-ல் 'ரோமாபுரிப் பாண்டியன்' போன்ற சரித்திர நாடகங்கள் வந்தன. சின்னத்திரையில் முகம்தான் பிரதானம். அங்கே முந்தானையைவிடக் காதணிக்கும் கழுத்தணிக்கும்தான் வேலை அதிகம்.

இதையெல்லாம் ஜவ்வாது மலைமேல், ஜமுனாமரத்தூரில் உட்கார்ந்துகொண்டு எழுதுவானேன் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. இந்த மலைக்குத் தெற்கே இருப்பது செங்கம் வட்டாரம். பல்லவர் காலத்து நடுகற்களுக்குப் பேர்போன இடம். தொல்லியல் துறை 1972-ல் 'செங்கம் நடுகற்கள்' என்று ஒரு புத்தகமே வெளியிட்டது. அவற்றில் எடுத்தனூர்க் கல் ஒன்று. கருந்தேவக்கத்தி என்ற வீரன் தன் எருமைகளைக் காக்கப் போராடி மாண்டான். அவனுடைய நாய் இரண்டு கள்வரைக் கடித்துவிட்டுக் காவல் நின்றது. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு என்றும் கல் சொல்கிறது. கதைப்படி பார்த்தால், நம் குந்தவிக்கு அந்த மகேந்திரவர்மர் பாட்டனார்!

நாயின் பெயர் நிலைத்துவிட்டது. அன்று அந்த வீட்டில் அழுத பெண், தாயோ தாரமோ, அவள் பெயர் கல்லில் இல்லை. அவள் என்ன சேலை கட்டினாள், என்ன மணி அணிந்தாள்? அஜந்தா வரை போன சினிமாக்காரர்கள் அவளைத் தேடி இந்தப் பக்கம் வந்ததாகத் தெரியவில்லை. குந்தவியின் அரண்மனைக்குப் பாலும் தினையும் அனுப்பியவர்கள் இவளைப் போன்றவர்கள்தானே?

ஆகையால் அடுத்த சரித்திரப் படத்துக்குப் போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். ராணியைக் கண்குளிரப் பாருங்கள். பிறகு அவளுக்குப் பின்னால் சாமரம் வீசுகிறவளையும் ஒரு கணம் பாருங்கள். அவளுக்கும் யாராவது யோசித்து ஒரு புடைவை கொடுத்திருந்தால் அது சரித்திரப் படம். கிடைத்த துணியைச் சுற்றி நிறுத்தியிருந்தால், அது வெறும் நகைக்கடை.