திருமகளின் அடியில் ஒரு கடைப்பெயர்

எம் இல்லத்துப் பூசையறையில் திருமகள் படம் ஒன்று தொங்குகிறது. தாமரைமேல் நிற்கும் அன்னை; கீழே நாட்காட்டித் தாள்; அதனினும் கீழே ஒரு நகைக்கடையின் பெயர். வெள்ளிக்கிழமைதோறும் காட்டும் கற்பூர ஒளி அன்னையின் முகத்திலும் விழுகிறது. கடையின் பெயரிலும் விழுகிறது. இவ்வழிபாட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

அத்திருமுகத்தை நாடறியச் செய்தவர் நம் மாவட்டத்துக் கிளிமானூரில் பிறந்த இரவிவர்மா. 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகம் தெய்வத்தை ஏழையின் சுவருக்கும் கொண்டுவந்தது. அது பெருந்தொண்டு, மறுப்பார் இலர். பின்னர்ச் சிவகாசி அச்சகங்கள் தெய்வப் படத்தின் அடியில் கடைப்பெயருக்கும் இடம் விட்டன. பக்தி நுழையும் வாயிலிலேயே வணிகமும் நுழைந்தது.

மனத்தின் எவ்வாயில் வழியாக ஆசை நுழைகிறது என்பதை ஆராய்ந்தவர் சிக்மண்ட் பிராய்டு. "அது மேனாட்டார் நோய், விளம்பரமோ குப்பை, இலக்கியச் சங்கத்திற்கு இவை எதற்கு?" என்பர் நம் புலவருள் சிலர். அவர்கள் ஒன்றறிக. 1922இல் கிரீந்திரசேகர் போஸ் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார். பிராய்டின் 75ஆம் பிறந்தநாளுக்கு, 1931இல், அக்கழகம் அனுப்பிய பரிசு தந்தத்தாலான திருமால் சிலை. திருவிதாங்கூர்க் கற்சிலை ஒன்றன் சாயலில் செதுக்கப்பட்ட அத்திருமால், பிராய்டு எழுதும் மேசைமேல் இடம் பெற்றார். நம் மண்ணின் கடவுள் அமர்ந்த மேசை நமக்கு அயலாகுமோ?

பிராய்டின் தமக்கை தங்கையருள் ஒருவர் மகன் எட்வர்டு பெர்னேசு. 1929இல் அமெரிக்கப் புகையிலை நிறுவனம் ஒன்றிற்காக அவர் உளப்பகுப்பாய்வாளர் பிரில் என்பாரிடம் அறிவுரை கேட்டார். நியூயார்க் வீதியில் ஈஸ்டர் ஊர்வலத்தில் பெண்களை வெண்சுருட்டுப் புகைக்கச் செய்து, அதற்கு 'விடுதலைச் சுடர்' என்று பெயரும் சூட்டினார். மாமன் நோய் தீர்க்கக் கண்ட வழியை மருமகன் நோய் வளர்க்கக் கையாண்டார்! கலைஞரும் தப்பவில்லை. கனவை வரைந்த சால்வடார் டாலி 1938இல் இலண்டனில் பிராய்டைக் கண்டு வணங்கியவர்; அவரே 1967இல் ஏர் இந்தியாவுக்குச் சாம்பல் கிண்ணம் வடிவமைத்து, கூலியாக ஒரு யானைக்கன்றைப் பெற்றார். நனவிலி மனத்தின் கலை அன்பளிப்புப் பொருளாக முடிந்தது.

இனி நம் வீதிக்கு வருவோம். 1956இல் மொழிவழி எல்லைக்கோடு வெள்ளறடைக்கருகே விழுந்தது, எழுத்துகள் பிரிந்தன. விளம்பரப் பலகைக்கு அக்கோடு தெரியவில்லை. பாறசாலைக்கு இப்பாலும் அப்பாலும் அதே மணப்பெண் சிரிக்கிறாள்; அதே தந்தை கண்கலங்குகிறார். அப்படத்தில் செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை, அடகுச்சீட்டும் இல்லை. 'குறைவாக அணிவிப்பவன் குறைவாக அன்பு கொண்டவன்' என்பதே அதன் பொருள். 1961இல் வந்த வரதட்சணைத் தடைச் சட்டம் வாய்விட்டுக் கேட்பவனைத் தண்டிக்கும். கேளாமலே கொடுக்கச் செய்யும் இப்படத்தை எந்தச் சட்டம் தண்டிக்கும்? பெண்ணைப் பெற்ற எழுத்தர் வீட்டில், மாத ஊதியம் வருமுன்பே வட்டிக்குப் போகும் வழி இதுவன்றோ?

சொல்லாமல் சொல்லும் இக்கலைக்குத் தொல்காப்பியர் முன்பே பெயரிட்டார்: உள்ளுறை. பூவிலும் பறவையிலும் தலைவியின் நெஞ்சைக் காணப் பயின்ற நாம், ஒரு நகைக்கடைப் படத்தில் நம் நெஞ்சைக் காண மறுக்கிறோம். அகத்திணையில் உள்ளுறை கேட்போர் நெஞ்சை விரித்தது. விளம்பரத்தில் அது நெஞ்சைச் சுருக்கிப் பணப்பையைத் திறக்கிறது. இவ்வேற்றுமையை எடுத்துரைக்கும் கடமை வேறு யாருக்கு உண்டு? திங்கள்தோறும் குறுந்தொகை ஓதும் சங்கம் ஒரு விளம்பரத்தையும் எடுத்துவைத்து உரை செய்யட்டும்.

நான் அடித்தாளைக் கத்தரித்துவிட்டேன். அன்னை மட்டும் இருக்கிறாள். ஆயினும், இப்படம் எந்தக் கடை தந்தது என்று வினவினால், எம் வீட்டுச் சிறுமி தயங்காமல் பெயர் சொல்கிறாள். தாளினின்று நீங்கியது நெஞ்சினின்று நீங்கவில்லை. அதை நீக்கும் கத்தரிக்கோல் நம் திறனாய்வே.