துண்டுத் துணியில் ஒரு காவியம்

காவியம் என்றவுடன் ஏட்டையும் எழுத்தாணியையும் நினைப்பது எமது வழக்கம். ஊசியும் நூலும் கொண்டு ஆக்கப்பட்ட காவியம் ஒன்றைப் பற்றி இவ்வாரம் எழுத விரும்புகிறோம்.

அதனை ஆக்கியவர் ஹரியட் பவர்ஸ். 1837இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்து, விடுதலைக்குப் பின் சிறு நிலத்தில் குடும்பத்தோடு பயிர்செய்து வாழ்ந்து, 1910இல் மறைந்த கறுப்பினப் பெண்மணி. அவர் தைத்த போர்வைகளுள் இரண்டே இன்று எஞ்சியுள்ளன. ஒன்று வாஷிங்டனிலும் மற்றையது பொஸ்டன் நுண்கலை நூதனசாலையிலும் இருக்கின்றன.

1895க்கும் 1898க்கும் இடையில் ஆக்கப்பட்டதெனக் கருதப்படும் பொஸ்டன் போர்வையில் 15 கட்டங்கள் உள்ளன. மனிதர், விலங்கு, நட்சத்திரம் ஆகியவற்றின் உருவங்களைத் துணியில் வெட்டி, வேறு துணிமேல் பதித்துத் தைத்து, கட்டம் கட்டமாக இணைத்திருக்கிறார். ஒரு கட்டத்தில் யோபு, ஒன்றில் யோனா, ஒன்றில் கிறிஸ்துவின் சிலுவை. அவற்றினிடையே, பட்டப்பகல் இருண்ட 1780 மே 19ஆம் நாள். விண்கற்கள் மழையாய்ப் பொழிந்த 1833 நவம்பர் 13ஆம் நாள் இரவு. கோவேறு கழுதையின் மூச்சும் உறைந்த 1895ஆம் ஆண்டுக் கடுங்குளிர். ஜோர்ஜியாவிலிருந்து வர்ஜீனியாவரை 500 மைல் ஓடியதாகச் சொல்லப்படும் பெண்பன்றி ஒன்றும் அங்கே இடம்பெற்றிருக்கிறது. அதன் பெயர் பெற்ஸ்.

1780இலும் 1833இலும் பவர்ஸ் பிறக்கவேயில்லை. முன்னோர் வாய்வழி வந்த அச்சத்தையும் வியப்பையுமே அவர் தைத்தார். பகல் இருண்டமைக்குக் காட்டுத்தீயின் புகையே காரணம் என்று இன்றைய ஆய்வாளர் விளக்குவர். அவ்விளக்கத்தால் அந்தக் கட்டம் பொய்யாகிவிடாது. உலகம் முடிந்ததென நடுங்கிய மக்களின் உள்ளத்தை அது காட்டுகிறது. புகையைப் பற்றிய ஆய்வு அதனைக் காட்டாது.

வாஷிங்டன் போர்வையின் கதை நெஞ்சை வருத்துவது. 1886இல் அதென்ஸ் நகரப் பருத்திச் சந்தையில் அதனைக் கண்ட ஜெனி சிமித் என்னும் ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார்; பவர்ஸ் மறுத்துவிட்டார். சில ஆண்டுகளில் வறுமை நெருக்கவே, தாமே 10 டொலர் கேட்டு, 1891இல் 5 டொலருக்குக் கொடுத்தார். பின்னர், பிரிந்த பிள்ளையைப் பார்க்க வரும் தாய்போலப் பலமுறை சென்று அதனைப் பார்த்து வந்தாராம். ஆசிரியை செய்த நற்செயல் ஒன்றுண்டு: ஒவ்வொரு கட்டத்திற்கும் பவர்ஸ் சொன்ன பொருளைக் கேட்டு எழுதிவைத்தார். அன்றேல் அவ்வுருவங்கள் இன்று ஊமையாகவே நின்றிருக்கும்.

ஆயினும் அறிஞர் உலகம் ஒரு பிழை செய்தது. அடிமையாகப் பிறந்தவர், துணியில் கதை சொன்னவர். ஆதலால் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று நெடுங்காலம் எழுதிவந்தது. அவர் 1896இல் எழுதிய கடிதத்தின் படி ஒன்றை ஆய்வாளர் கைரா ஹிக்ஸ் கண்டெடுத்து, 2009இல் நூலில் வெளியிட்டார். எழுத்தறிந்திருந்தும் துணியைத் தம் ஊடகமாக அவர் தேர்ந்தார் என்பது புலனாயிற்று. இல்லாமையின் விளைவென்று எண்ணப்பட்டது, ஒரு கலைஞரின் தேர்வாக இருந்தது.

எமது வாசகருள் ஆசிரியரும் மாணவரும் பலர். கைவினைப் பொருளைக் கண்டதும் ‘பெயரறியாப் பெண்ணின் வேலை’ என்று எழுதிவிடுதல் எளிது. பெயரை நாம் கேட்டோமா என்பதே வினா. பவர்ஸ் ஒரு பன்றியின் பெயரைக்கூட மறவாது வைத்தார். தைத்தவரின் பெயரையும், அவர் சொல்லும் பொருளையும், அவர் இருக்கும்போதே கேட்டு எழுதுவோமாக. விலை கேட்பது அதற்குப் பின் இருக்கட்டும்.