பழைய மாணவர்க்கு ஓர் அஞ்சற்பட்டியல் வேண்டும்

ஒரு கல்லூரியின் பெருமை அதன் கட்டடங்களில் மட்டும் அடங்குவதன்று. அது வளர்த்த மாணாக்கரிடத்தே நிலைபெறுவது. பசறை, லுணுகலை, மடுல்சீமை முதலிய தோட்டப்புறங்களிலிருந்து பதுளைக்கு வந்து கற்றோர் இன்று கொழும்பிலும் கடல்கடந்த நாடுகளிலும் வாழ்கின்றனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் தமிழகம் சென்றோரும் பலர். இவர்தம் முகவரிகள் ஒரு செயலாளரின் குறிப்பேட்டில் மட்டும் இருக்குமாயின், அவர் விலகும்போது தொடர்பும் அறுந்துபோம். வாட்ஸப் குழுக்கள் விரைவானவையே. ஆயினும் காலை வணக்கங்களுக்கிடையே உதவி வேண்டிய மாணவனின் செய்தி மறைந்துவிடுகின்றது.

ஆதலின், சங்கத்துக்கென மின்னஞ்சற் பட்டியலொன்று நிறுவுதல் வேண்டுமென்பது என் கருத்து. அதன் அமைப்பு எளிது. யூனிக்ஸ் முறைமையில் இயங்கும் அஞ்சற் கணினியொன்றிற் சங்கத்துக்கு ஒரு முகவரி வைத்து, அதற்கு வரும் மடலைப் பட்டியல் மென்பொருளிடம் ஒப்படைக்குமாறு ஒரு கோப்பிற் குறித்துவிட்டால், அம்மென்பொருள் உறுப்பினர் யாவர்க்கும் மடலை அனுப்பும். பழைய மடல்களையும் தொகுத்து வைக்கும். 1992இல் பிரென்ட் சாப்மன் ஆக்கிய மேஜர்டோமோவும், பின்னர் வந்த மெயில்மனும் இப்பணிக்கென்றே எழுந்தவை. மெயில்மன் விலையின்றிக் கிடைப்பது.

நிறுவுதல் எளிது, நடத்துதலே அரிது. முதலாவது, எவரையும் அவர் இசைவின்றிச் சேர்த்தலாகாது. மென்பொருள் அனுப்பும் உறுதிமடலுக்கு மறுமொழி தந்தோரையே பதிதல் வேண்டும். இரண்டாவது, மடல் சேராது திரும்பும் முகவரிகளை நீக்குதல் வேண்டும். இன்றேல், பிற அஞ்சற் கணினிகள் நம்மை வேண்டா மடல் அனுப்புவோராய்க் கருதி ஒதுக்கிவிடும். மூன்றாவது, அறிவித்தலுக்கு ஒரு பட்டியலும் உரையாடலுக்கு வேறொன்றும் இருத்தல் நன்று. நான்காவது, கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருத்தல் தகாது. மூவரேனும் பொறுப்பேற்க, அவருள் ஒருவர் கல்லூரி ஆசிரியராய் இருத்தல் சிறப்பு.

இஃது ஆகாத காரியமென்பார்க்கு மதுரைத் திட்டத்தைச் சுட்டுவேன். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில், சுவிற்சர்லாந்திலிருந்த கலாநிதி கல்யாணசுந்தரம் முதலானோர் தொடங்கிய அத்திட்டத்தில், ஒருவரையொருவர் நேரிற் காணாத அன்பர் பலர் மின்மடலாலேயே கூடித் தமிழ் நூல்களைத் தட்டெழுதி, திருத்தி, உலகுக்கு வழங்கினர். ஊதியம் பெறாது அவர்கள் செய்த தொண்டின் பயனை இன்று வகுப்பறையில் நாம் துய்க்கின்றோம்.

லயத்து அறையிலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவனுக்குத் தங்குமிடமும் நூலும் வழிகாட்டலும் வேண்டும். அவற்றை அளிக்க வல்லார் நம்முள் உளர். அவன் குரல் அவர்க்கு எட்டுவதில்லை என்பதே குறை. விழா மலர் அலமாரியிற் சேர்ந்துவிடும். பட்டியலோ நாளும் பணிசெய்யும். சங்கத்தார் இதனை இவ்விழா ஆண்டிலேயே தொடங்குவாராக.