நிலமில்லா நிலக்காட்சிகள்

அழகைப் பற்றிப் பேசப் புகுவோர் அழகைத் தவிர வேறெதனையும் பேசலாகாது என்பது நம்மிடையே எழுதாச் சட்டமாக நிலைபெற்றுவிட்டது. பொழுதுபோக்காகப் புகைப்படம் எடுப்போர் ஒன்றுகூடித் தத்தம் பயணப் படங்களையும் இயற்கைக்காட்சிப் படங்களையும் ஒருவர்க்கொருவர் காட்டிக் கருத்துரைக்கும் அரங்குகளில் இச்சட்டம் மிகக் கடுமையாகப் பேணப்படுகின்றது. சில காலத்துக்கு முன் அத்தகைய அரங்கொன்றிற் பார்வையாளனாக அமர்ந்திருந்தேன். மலையகத்துத் தேயிலைச் சரிவொன்றின் படம் சுவரில் மாட்டப்பட்டிருந்தது. விடியற்பொழுது, பள்ளத்தாக்கிலே பனிமூட்டம், வலது ஓரத்தில் லயமொன்றின் தகரக் கூரை, நடுவிலிருந்து சற்றே விலகி, சிவப்புச் சேலையும் முதுகிற் கூடையுமாக ஒரு பெண். கருத்துரைத்தோர் படத்தைக் கூர்ந்து நோக்கினர் என்பதில் ஐயமில்லை. ஒருவர் பனிமூட்டத்தின் மென்மையை விதந்துரைத்தார். மற்றொருவர், அப்பெண் படத்தை மூன்றாகப் பகுக்கும் கோட்டிலே சரியாக நிற்பதைச் சுட்டினார். பச்சைப் பரப்புக்குச் சிவப்பு உயிரூட்டுகிறது என்றார் பிறிதொருவர். இறுதியாகப் பேசியவர் அனுபவம் மிக்கவர். தகரக் கூரை கண்ணை உறுத்துவதால் வலது ஓரத்தை வெட்டிவிடுமாறு ஆலோசனை கூறினார். அவை அதனை ஒருமனதாக ஏற்றது.

அது எந்தத் தோட்டம் என்று கேட்டேன். படமெடுத்தவருக்குத் தெரியவில்லை. அப்பெண்ணிடம் அனுமதி பெற்றீரா என்று கேட்டேன். வாகனத்தை நிறுத்தி இறங்கியதும் அவளே சிரித்துக்கொண்டு நின்றாள் என்றார். (பயணிகள் வந்திறங்கும் வளைவுகளிற் கொழுந்துக் கூடையுடன் நின்றுகொடுத்தாற் கிடைக்கும் சில்லறை, நாட்சம்பளத்துக்குத் துணையாகும் என்பதை அவர் அறியார் போலும்.) தலைமை வகித்தவர் இடைமறித்து, இவை புகைப்படக் கலை சார்ந்த வினாக்கள் அல்ல என்றார். அக்கூற்றை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கலை சார்ந்தவை என அவ்வரங்கு கொண்ட அளவுகோல்கள் எங்கிருந்து வந்தன என்பதை முதலில் நோக்குவோம். மூன்றிலொரு பங்கு விதி என இன்று கைத்தொலைபேசித் திரையிற்கூடக் கோடு போட்டுக் காட்டப்படும் விதிக்கு அப்பெயரை முதன்முதலில் இட்டவர் ஜோன் தோமஸ் சிமித் என்னும் ஆங்கிலேய ஓவியர். 1797 இல் அவர் வெளியிட்ட அந்நூல் நாட்டுப்புறக் காட்சிகளைப் பற்றியது. அதிலுள்ள இருபது செதுக்கோவியங்களும் ஏழைகளின் குடிசைகளைக் காட்டுவன. இடிந்த சுவரும் கலைந்த கூரையும் காண்போர்க்கு எவ்வாறு இன்பம் பயக்கும் என்பதே அந்நூலாசிரியரின் ஆராய்ச்சி. 1869 இல் ஹென்றி பீச் றொபின்சன் ஓவியத்தின் அமைப்பு விதிகளைப் புகைப்படத்துக்கு ஏற்றி எழுதினார். புகைப்படச் சங்கங்கள் பல தலைமுறைகளாக ஓதிய பாடம் அதுவே. உண்மையான நாட்டுப்புற மக்கள் படத்துக்குப் பொருந்தி வருவதில்லை எனக் கண்ட றொபின்சன், வசதி படைத்த குடும்பத்துப் பெண்களுக்குக் குடியானவர் உடையை அணிவித்துப் படமெடுத்தார். நடுநிலையானவை, காலங்கடந்தவை, எவர் பக்கமும் சாராதவை என்று நமக்குச் சொல்லப்படும் விதிகளின் பிறப்பு இதுதான். உழைப்பவனை அழகுக்குரிய உருவமாக மாற்றுவதற்கென்றே வகுக்கப்பட்ட இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உழைப்பைப் பற்றிய வினா இலக்கணத்துக்குப் புறம்பானது என்பது எவ்வகை நியாயம்?

இதன் உள்நாட்டு வரலாறு இன்னும் கசப்பானது. புகைப்பட வரலாற்றிற் பெருமதிப்புக்குரிய ஜூலியா மார்கரெட் கமரன் 1875 இல் இலங்கைக்கு வந்தார். அவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கமரன், கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவால் நாம் அறிந்தவர். இந்நாட்டிற் கோப்பித் தோட்டங்களுக்கு உரிமையாளராகவும் இருந்தவர். அம்மையார் 1879 இல் டிக்கோயாப் பகுதியிற் காலமானார். அவரது கல்லறை போகவந்தலாவையில் உள்ளது. இங்கிலாந்தில் அவர் எடுத்த முகங்களுக்குப் பெயருண்டு: டெனிசன், டார்வின், ஹேர்ஷல். இங்கு எடுத்த முகங்களோ குடியானவர், கூலியாள் என்ற பொதுப் பெயர்களுக்குள் அடங்கின. இங்கு வந்து அவருடன் தங்கிச் சென்ற ஓவியர் மேரியன் நோர்த்தின் பெயர் நிலைத்தது. அதே கமராவின் முன் நின்ற தமிழ்ப் பெண்ணின் பெயர் நிலைக்கவில்லை. அக்காலத்து ஸ்கீன், ஸ்கோவன், பின்னர் பிளாட்டே முதலான படப்பிடிப்பு நிலையங்கள் துரைமாருக்கும் கப்பற் பயணிகளுக்கும் விற்ற காட்சித் தொகுதிகளிலும் இதே முறைதான். அவர்கள் வணிகர், வாங்குபவர் விரும்பியதை விற்றனர். நாம் எதற்காக, எவரும் காசு தராமலே, அதே வேலையைத் தொடர்கிறோம்?

தமிழ் பயிலும் மாணவர்க்கு இவ்விடத்து ஒன்றை நினைவூட்ட வேண்டும். நிலத்தைக் கலையாக்குவது எப்படி என்னும் வினாவுக்கு நம்மிடம் மிகப் பழைய விடையொன்று உண்டு. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றது. மாந்தர் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றது. பாடலுள் நோக்குமிடத்து இம்மூன்றும் ஒன்றினொன்று முறையே சிறந்தன என்றும் கூறிற்று. நம் புகைப்பட அரங்குகளிற் பேசப்படுவது யாது? இடமும் ஒளியும், அதாவது நிலமும் பொழுதும். முதற்பொருளோடு விமர்சனம் முடிந்துவிடுகிறது. அம்மண்ணில் என்ன தொழில் நடக்கிறது, அங்கு வாழ்வோர் எதை உண்கின்றனர் என்ற வினாக்கள் தொல்காப்பியருக்குக் கவிதையின் உறுப்புக்கள். நம்மவர்க்கு அவை கலைக்குப் புறம்பானவை. பழைமையைப் போற்றுவதற்காக இதனைச் சொல்லவில்லை. திணைக் கோட்பாட்டின் சமூக, பொருளாதார அடித்தளத்தைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974 இலேயே எடுத்துக்காட்டிவிட்டார். அதனைத் தேர்வுக்காக மனனஞ் செய்தவர்களே தேயிலைச் சரிவின் முன் நின்றதும் ஒளியை மட்டும் காண்கின்றனர்.

அச்சரிவு எத்தகையது? இயற்கை அன்று. காடு வெட்டிக் கோப்பி நட்டு, 1869 இன் பின் இலைநோயாற் கோப்பி அழியத் தேயிலை நட்டு, மனிதர் ஆக்கிய நிலம் அது. இம்மக்களின் மலையக வாழ்வு தொடங்கி 200 ஆண்டுகள் நிறைவுற்றதை 2023 இல் நினைவுகூர்ந்தோம். 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேதான் நிறைவேறிற்று. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021 இலேயே வர்த்தமானியில் ஏறியது. படத்தில் நாம் மென்மையான பசுங்கம்பளமாகக் காணும் நிலத்திலே அவர்களுட் பெரும்பாலோர்க்கு ஒரு துண்டுக் காணிக்கும் உறுதி இல்லை. 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலைச்சரிவு இறங்கி லயன்களை மக்களோடு மூடிற்று. அதற்கு முதல் நாள் அச்சரிவை யாராவது படமெடுத்திருந்தால் நம் அரங்கு என்ன சொல்லியிருக்கும்? மேகத்தின் அமைவு சிறப்பு. முன்னணியிலுள்ள கூரைகளைத் தவிர்த்திருக்கலாம்.

எதிர்வாதம் ஒன்றுண்டு, அதனைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. எல்லாப் படத்தையும் துண்டுப்பிரசுரமாக்க வேண்டுமா, மலையையும் முகிலையும் அவற்றின் அழகுக்காக நோக்கும் உரிமை எவர்க்குமில்லையா என்பர். உண்டு. நானும் அவ்வின்பத்தை அறிந்தவனே. எல்லையில் ஒன்பது வளைவுப் பாலத்தின் முன் பனி விலகுமென மூன்று மணி நேரம் காத்திருந்தவன். ஒளியைப் பற்றி இவ்வரங்கினரிடம் கற்றுக்கொண்டவன். ஆனால் அழகுணர்ச்சியும் கேள்வியும் ஒருவரிடத்தே கூடிவாழ இயலாது என்பது பொய். அமெரிக்க இயற்கைக்காட்சிப் படக்காரருள் தலையாயவர் அன்சல் அடம்ஸ். இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய வம்சாவளியினர் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்டோரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. அவற்றுள் ஒன்றாகிய மன்சனார் முகாமுக்கு 1943 இற் சென்று அங்கிருந்தோரைப் படமெடுத்து, பெயரோடு 1944 இல் நூலாக வெளியிட்டவர் அதே அடம்ஸ். பாறைகள் பரந்துகிடக்க வில்லியம்சன் சிகரத்தின்மேல் ஒளி இறங்கும் அவரது புகழ்பெற்ற படமும் மன்சனாரில் எடுக்கப்பட்டதே. 1955 இல் நியூயோர்க்கின் பெருங்கண்காட்சியொன்றில் அதனைப் பேருருவிற் கண்டு வியந்தோருள் எத்தனை பேர் முகாமை நினைத்தனர்? அவருடைய கண் இரண்டையும் கண்டது. பார்த்தவர் கண் ஒன்றையே கண்டது. ஆகவே குறை கமராவிடமில்லை, அழகிடமுமில்லை. படத்தைப் பற்றி நாம் பேசும் முறையிலேயே உள்ளது.

இன்னொரு சாராரையும் விட்டுவைக்கலாகாது. லயத்து வாசலில் மூக்கொழுகும் குழந்தையைக் கறுப்புவெள்ளையிற் பிடித்து வந்து, சமூக அக்கறை என்று பெயரிட்டுப் பரிசு வாங்குவோர் இவர்கள். சுருக்கத்தையும் கிழிசலையும் அவர்கள் ஆராயும் விதம் மேற்சொன்ன சிமித் குடிசைகளை ஆராய்ந்த விதமே. அங்கும் பெயரில்லை, அனுமதியில்லை, அக்குழந்தையின் வீட்டுக்குப் படத்தின் ஒரு பிரதியேனும் சென்றதில்லை.

நான் கோருவது மிகச் சிறியது. வானத்தின் ஒளியைப் பற்றிக் கேட்கும் அதே கவனத்தோடு, படத்திலிருப்பவர் யார், இடம் எது, அவர் இசைந்தாரா, நீர் வெட்டிவிட்ட பகுதியில் என்ன இருந்தது என்று கேளுங்கள். இவ்வினாக்களுக்கு விடைதேடிச் செல்பவர் மறுமுறை வேறிடத்தில் நிற்பார். வேறு நேரத்தில் வருவார். ஒருவேளை கமராவை எடுக்குமுன் தேநீர் குடித்துப் பேசிக்கொண்டிருப்பார். அப்போது கிடைக்கும் படத்தின் அமைப்பே மாறும். அது கலை சார்ந்த மாற்றமில்லையென்றால் வேறெது?

அச்சிவப்புச் சேலைப் படம் பின்னர் கண்காட்சிக்கு வந்தது. தகரக் கூரை இல்லை. கீழே படமெடுத்தவர் பெயர், கமராவின் பெயர், வில்லையின் அளவு, ஒளிபுகு நேரம் ஆகியன அச்சிடப்பட்டிருந்தன. தோட்டத்தின் பெயரையேனும் விசாரித்துச் சேர்க்குமாறு அமைப்பாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இவ்விதழ் அச்சேறும்வரை மறுமொழி வரவில்லை.