அலமாரி துடைக்கவா அப்ரெண்டிஸ்?

"லைப்ரரில அப்படி என்னம்மா வேலை இருக்கு? புக் கேட்டா எடுத்துக் குடுக்கணும், திருப்பிக் குடுத்தா வாங்கி வைக்கணும். இதுக்குப் போய் ஒரு வருஷம் ட்ரெய்னிங்கா?"

சொன்னவர் திருச்சிப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியின் தாளாளர். கேட்டுக்கொண்டு நின்றது பி.ஏ. வரலாறு முடித்து, தொலைதூரக் கல்வியில் பி.லிப்.பும் முடித்து, நூலக உதவியாளர் பயிற்சிக்கு வந்த ஒரு பெண். இவ்வளவு அலட்சியமாகப் பேசிவிட்டு எதற்கு அவளைச் சேர்த்துக்கொண்டார் என்று கேட்கிறீர்களா? ஆள் தேவைப்பட்டது. லைப்ரரிக்கு இல்லை, மற்ற எல்லாவற்றுக்கும்.

அந்த வருடம் எப்படிப் போனது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஜூனில் நோட்டு விற்பனை. கோடு போட்டது, போடாதது, நாலு கோடு, கிராஃப் என்று கட்டுக் கட்டாகப் பிரித்து வகுப்புவாரியாக அடுக்கி, காசு வாங்கி ரசீது போடுவது. ஜூலையில் அடையாள அட்டைக்குப் போட்டோ ஒட்டுவது. பிறகு பரீட்சை ஹாலில் சூப்பர்விஷன். எந்த மிஸ் லீவு போட்டாலும் அந்த வகுப்பில் போய் "சத்தம் போடாதீங்க" என்று உட்கார்ந்திருப்பது. நடுநடுவே நேரம் கிடைத்தால் நாலு கண்ணாடி பீரோவைத் துணியால் துடைப்பது. பீரோவின் சாவி? அது ஆபீஸ் மேஜை டிராயரில். கேட்டு வாங்க வேண்டும்.

இதற்குப் பெயர் பயிற்சி. மாதம் 5,000 ரூபாய். ஒப்பந்தம் எதுவும் கிடையாது. வாய் வார்த்தையாக "ட்ரெய்னி".

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும்படி ஒரு உதாரணம். சி.ஏ. ஆர்ட்டிகிள்ஷிப் போகிறவனும் முதல் சில மாதம் வவுச்சரில் டிக் அடிக்கிறான், ஜெராக்ஸ் எடுக்கிறான், சீனியருக்கு டீ கூட வாங்கி வருகிறான். அதில் பெரிய தப்பில்லை, எந்தத் தொழிலிலும் அடிமட்ட வேலை உண்டு. ஆனால் அவன் யாரிடம் சேர்கிறான்? பிராக்டீஸ் செய்கிற ஒரு சி.ஏ.விடம். சி.ஏ.வே இல்லாத ஒரு ஆபீசில் போய் ஆர்ட்டிகிள்ஷிப் செய்கிறேன் என்று ஒருவன் சொன்னால் வகுப்பே சிரிக்கும். நூலகரே இல்லாத பள்ளியில் ஒரு பெண் நூலகப் பயிற்சி செய்கிறேன் என்றால் மட்டும் யாருக்கும் சிரிப்பு வருவதில்லை. "பரவால்லம்மா, எக்ஸ்பீரியன்ஸ் கெடைக்கும்ல" என்று தட்டிக்கொடுக்கிறார்கள்.

எந்த எக்ஸ்பீரியன்ஸ்? நோட்டு விற்ற எக்ஸ்பீரியன்ஸா?

இந்த நாட்டில் இதற்கு ஒரு சட்டமே இருக்கிறது, 1961-ஆம் வருடத்து அப்ரெண்டிஸ் சட்டம். அது சொல்வது ரொம்பச் சாதாரணமான விஷயங்கள். பயிற்சிக்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதைப் பதிவு செய்ய வேண்டும். முதலாளிக்கே அந்தத் தொழில் தெரியாவிட்டால், தெரிந்த, உரிய தகுதி உள்ள ஒருவரைப் பயிற்சிக்குப் பொறுப்பாக வைக்க வேண்டும். அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது. இதெல்லாம் முதலாளியின் கடமைப் பட்டியலில் வருகிறது.

அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: அப்ரெண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. அதனால் தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக அவருக்குப் பொருந்தாது. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2014 திருத்தம் இதில் செய்த மாற்றம், ஆளெடுப்பதற்கு ஒவ்வொரு நிறுவனமும் தானே ஒரு கொள்கை வகுத்துக்கொள்ள வேண்டும் என்றது, அவ்வளவுதான்.

இங்கேதான் வேடிக்கை. "தொழிலாளி அல்ல" என்ற வரியை எல்லா நிர்வாகமும் மனப்பாடமாகச் சொல்லும். "தகுதியுள்ள ஒருவரை வைத்துக் கற்றுக்கொடு" என்ற வரி மட்டும் யார் கண்ணிலும் படாது. அந்தப் பெண்ணுக்கு ஒரு தொழிலாளிக்கு உள்ள பாதுகாப்பும் இல்லை, ஒரு மாணவிக்குக் கிடைக்கும் பாடமும் இல்லை. இரண்டு பக்கமும் டெபிட், கிரெடிட் பக்கமே கிடையாது.

"பள்ளிக்கூடத்துக்கு வசதி வேண்டாமா?" என்பார்கள். சரி, கணக்கே போடலாம். 2019-ல் திருத்திய விதி, பட்டதாரி அப்ரெண்டிஸுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. முறையாகப் பதிவு செய்து எடுத்தால் அதில் பாதியை மத்திய அரசு திருப்பித் தருகிறது. பள்ளியின் கைக்காசு 4,500. அதாவது, சட்டப்படி நடந்திருந்தால் இவர்களுக்கு 5,000-ஐ விடக் குறைவாகவே ஆகியிருக்கும், அவளுக்கும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கிடைத்திருக்கும்! பிறகு ஏன் பதிவு செய்யவில்லை? செய்தால் என்ன கற்றுக்கொடுத்தாய் என்று ஒருவர் கேட்பார். பிரச்சினை காசில்லை மக்களே, அந்தக் கேள்விதான்.

இப்போது தாளாளரின் கேள்விக்கு வருவோம். லைப்ரரியில் அப்படி என்ன வேலை?

நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் வருகிறான். "மிஸ், பாம்பு புக் இருக்கா?" டியூவி பகுப்பு முறையில் பாம்புக்கு எண் 597.96. பி.லிப். படித்தவளுக்கு அது தெரியும், தெரியாவிட்டாலும் அட்டவணையைப் பார்த்துச் சொல்லலாம். ஆனால் பையன் கேட்பது அதுவா? நேற்று வீட்டுக் கொல்லையில் சாரைப்பாம்பைப் பார்த்துவிட்டு அது கடிக்குமா என்று தெரிந்துகொள்ள வந்திருக்கலாம். நாகராஜன் கதை வேண்டுமாக இருக்கலாம். படம் மட்டும் போதும் என்றிருக்கலாம். சயின்ஸ் ப்ராஜெக்டாக இருக்கலாம். நாலுக்கும் நாலு புத்தகம், நாலு பீரோவில். அவன் வாயிலிருந்து அதை வாங்கத் தெரிய வேண்டும், அதுவும் அவன் கூச்சப்பட்டு ஓடிப்போவதற்குள். வாசிக்கத் திணறும் எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு மற்றவர்கள் முன்னால் மானம் போகாமல் சின்னப் புத்தகத்தைக் கையில் கொடுக்கத் தெரிய வேண்டும். எந்தப் புத்தகத்துக்குத் தையல் விட்டிருக்கிறது, எதை ஒட்டினால் போதும், எதைக் கழித்துக் கட்டலாம் என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் தொலைதூரக் கல்விப் பாடப் பொட்டலத்தில் வராது. பத்து வருடம் பிள்ளைகளோடு பழகிய ஒரு நூலகர் பக்கத்தில் நின்று, அவர் என்ன கேட்கிறார், எப்போது பேசாமல் இருக்கிறார் என்று பார்த்துப் பார்த்துத்தான் வரும். அப்ரெண்டிஸ் முறை என்று ஒன்று உலகத்தில் இருப்பதே இந்த மாதிரி வேலைகளுக்காகத்தான்.

நம் ஊர்க்காரர் ஒருவரையே எடுத்துக்கொள்ளுங்களேன். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் போனார். சில நாளிலேயே வெறுத்துவிட்டது. ஆளே வராத இடத்தில் சும்மா உட்கார முடியவில்லை, திரும்பவும் பாடம் நடத்தப் போகிறேன் என்று நின்றார். முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வா, அப்புறமும் பிடிக்காவிட்டால் பழைய வேலைக்கே வரலாம் என்று அனுப்பினார்கள். அங்கே குரோய்டன் நூலகத்தில் பெர்விக் சேயர்ஸ் என்ற நூலகரின் கீழ் வேலை பழகினார். நூலகம் என்றால் என்ன என்பதை ஒரு நல்ல நூலகரின் பக்கத்தில் நின்று பார்த்தார். திரும்பி வந்தவர் பழைய வேலையைக் கேட்கவே இல்லை. 1928-ல் சென்னை நூலகச் சங்கம், அடுத்த வருடமே நூலகப் பயிற்சி வகுப்பு, 1931-ல் ஐந்து விதிகள், 1933-ல் கோலன் பகுப்பு முறை, 1948-ல் நாட்டுக்கே முன்மாதிரியாக மதராஸ் பொது நூலகச் சட்டம். அத்தனைக்கும் நடுவில் இருந்தவர் அவர். குரோய்டனில் அவரை நோட்டு விற்க உட்கார வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நல்ல கணக்கு வாத்தியார் ஒருவர் திரும்பி வந்திருப்பார், வேறென்ன.

அவர் பிறந்த நாளை ஆகஸ்ட் 12-ல் நூலகர் தினம் என்று கொண்டாடுகிறோம். அந்தப் பள்ளியிலும் அன்று ஒரு பேச்சுப் போட்டி நடந்தது. பீரோ திறக்கவில்லை.

சாவி விஷயத்துக்கு வருவோம், அதுதான் முக்கியமான மேட்டர். சாவி ஏன் ஆபீசில் இருக்கிறது? புத்தகம் தொலைந்துவிடுமாம். பாம்புப் புத்தகத்தை அந்தப் பெண் பையனிடம் கொடுத்தனுப்பினாள். அன்று சாயங்காலமே ஆபீசில் கூப்பிட்டு, "தொலைஞ்சா உன் சம்பளத்துலதாம்மா பிடிப்போம்" என்றார்கள்.

மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017 என்று ஒன்று இருக்கிறது. கறாரான நிதித்துறை ஆட்கள் எழுதியது. அதில் 215-ஆம் விதி நூலகத்துக்கானது. ஆயிரம் புத்தகம் இரவல் போனால் அல்லது எடுத்துப் பார்க்கப்பட்டால், வருடத்தில் ஐந்து தொலைவது நியாயமான இழப்பு என்று அது ஒப்புக்கொள்கிறது. மோசடியோ அலட்சியமோ இருக்கக் கூடாது, ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள புத்தகமோ அரிய புத்தகமோ என்றால் விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான். தனியார் பள்ளியை இது கட்டுப்படுத்தாது, உண்மை. ஆனால் அதன் பின்னால் இருக்கும் புத்தியைக் கடன் வாங்கலாமே? 600 பிள்ளைகள், ஆளுக்கு வருடம் 20 புத்தகம் எடுத்தால் 12,000 இரவல். அந்தக் கணக்கில் 60 புத்தகம் போனாலும் பரவாயில்லை. ஒன்று 80 ரூபாய் என்று வைத்தால் 4,800. ஆண்டு விழாவுக்கு வாசலில் கட்டும் ஃபிளெக்ஸ் பேனர் செலவு கூட வராது. பூட்டி வைத்தால் இழப்பு பூஜ்யம்தான். ஆனால் 12,000 இரவலும் பூஜ்யம். எந்தக் காஸ்டிங் பாடத்தில் இதற்கு லாபம் என்று பெயர்?

பள்ளிகளை மட்டும் திட்டிப் பயனில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், நாளிதழ், பத்திரிகை, கதைப் புத்தகம் உட்பட எல்லாப் பாடத்துக்கும் புத்தகம் இருக்க வேண்டும் என்கிறது. நூலகர்? அந்த அட்டவணையில் அப்படி ஒரு ஆளே கிடையாது. சமக்ர சிக்ஷா திட்டத்தில் அரசுப் பள்ளிக்கு அளவைப் பொறுத்து வருடம் 5,000 முதல் 20,000 வரை நூலக மானியம் வைத்தார்கள். புத்தகத்துக்குப் பணம், எடுத்துக் கொடுக்கும் கைக்குப் பணமில்லை. இத்தனைக்கும் லட்சுமணசுவாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு 1953-லேயே, பள்ளிக்குப் பயிற்சி பெற்ற நூலகர் வேண்டும், அவருக்கு ஆசிரியர்களுக்கு இணையான அந்தஸ்து வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. கேந்திரிய வித்யாலயாக்களில் அப்படித்தான் நடக்கிறது, நூலகருக்கும் பட்டதாரி ஆசிரியருக்கும் ஒரே சம்பள நிலை. ஆக, முடியாத காரியமில்லை.

"இப்பல்லாம் யார் சார் புக் படிக்கிறா, எல்லாம் போன்தான்" என்று ஜல்லியடிக்கிறவர்களுக்கு ஒரே பதில்: பூட்டின பீரோவை வைத்துக்கொண்டு அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

அந்தப் பெண் அந்த வருடத்தில் ஒன்றுமே கற்றுக்கொள்ளவில்லை என்று சொன்னால் அது பொய். கற்றுக்கொண்டாள். பாம்புப் புத்தகத்தைப் பையன் நாலே நாளில் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தான். அட்டைக்குப் பழைய காலண்டர் தாளில் உறை கூடப் போட்டிருந்தான். மார்ச் மாதம் மறுபடி வந்து நின்றான். "மிஸ், வேற பாம்பு புக்?" ஆபீசில் சாவி கேட்டு, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு, சாயங்காலம் அந்தப் பேச்சை வாங்கி... "நாளைக்கு வாப்பா" என்றாள். யாரும் சொல்லித்தரவில்லை, தானாகவே வந்தது. நாளைக்கு அவள் வேறொரு பள்ளியில் நிரந்தர நூலகராகப் போகலாம். அங்கே அவளிடம் ஒரு அப்ரெண்டிஸ் வரலாம். அந்த அப்ரெண்டிஸ் எதைப் பார்த்துப் பழகுவாள்?

ஏப்ரலில் கையில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். நூலகத்தில் ஓராண்டு பயிற்சி, நடத்தை நன்று. பயிற்சி அளித்தவர் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் போட்டிருந்தது ஆபீஸ் அக்கவுண்டன்ட்.

இந்த ஜூனுக்கு அடுத்த ட்ரெய்னி வந்தாயிற்று. வாசலுக்குப் பக்கத்து அறையில் நாலு கோடு நோட்டு பிரித்துக்கொண்டிருக்கிறாள்.